ஏழு மாதம் மாலைக்குள் ஒளிந்திருந்தேன்

போன வாரம் எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் தலைவர் ஃபோன் செய்தார். ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். எதற்கு? பக்திக்கு.

"அண்ணே, தைப்பூசத்துக்கு மாலை போட்டீங்க. பங்குனி உத்திரத்துக்குப் போட்டீங்க. வைகாசி விசாகத்துக்கும் போட்டீங்க. அதுவும் பெரிய ஆப்பரேஷன் முடிஞ்ச உடம்போட. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு நீங்கதான் எடுத்துக்காட்டு."

வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்ல முடியவில்லை. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆள் அவர், பின்னால் செயற்குழுவே உட்கார்ந்திருக்கும். ஐந்து பேர் காதில் விழுவதற்கு வெட்கப்பட்டு, நாடு முழுக்கப் படிக்கிற பத்தியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன பிறவியோ...

முருகன் என்னை மன்னிப்பார். அவருக்கு இரண்டு மனைவி. என் சங்கடம் அவருக்குப் புரியும்.

விஷயம் இதுதான். போன அக்டோபரில் எனக்குப் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். புற்றுநோய். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆஸ்பத்திரிக் கஞ்சி என்று எல்லாவற்றையும் இந்தப் பத்தியில் அப்போதே எழுதினேன். நீங்களும் நலம் விசாரித்து எழுதினீர்கள். ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டேன். ஆள் பிழைத்துக்கொண்டான், ஆளுக்குள் இருந்த இன்னொருவன் மட்டும் படுத்த படுக்கையாகவே இருந்தான்.

புரிகிறதா? புரியாவிட்டால் பரவாயில்லை, போகப் போகப் புரியும்.

டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? நம் வீடுகளில் ஒருவருக்கு நோய் என்றால் டாக்டர் அறைக்குள் ஒருவர் போவதில்லை, ஒரு குடும்பம் போகிறது. என் மகள் தர்ஷினி பூச்சோங்கிலிருந்து லீவு போட்டு வந்து காரோட்டுவாள், ஃபைலைத் தூக்குவாள், டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்வாள். தங்கமான பிள்ளை. அந்தத் தங்கம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் டாக்டர் கேட்டார்.

"அங்கிள், தட் சைட் ஹௌ? யூ ஸ்டில் வான்ட்?"

மகள் திடீரென்று தன் ஃபோனில் எதையோ மிக அக்கறையாகத் தேட ஆரம்பித்தாள். என் மனைவி லோகா சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பார்த்தாள். நான்? சிரித்தேன்.

"நோ நோ டாக்டர். ஃபினிஷ் ஆல்ரெடி லா. ஐ ஆம் கிராண்ட்ஃபாதர்."

தாத்தா ஆனவனுக்கு அது தேவையில்லை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆனால் டாக்டர் ஃபைலில் ஏதோ எழுதி மூடிவிட்டார். என் இல்லற வாழ்க்கையை நானே ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்தேன். அதுவும் இங்கிலீஷில்.

லோகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்புறுதி ஏஜெண்ட். கிள்ளான் வட்டாரத்தில் அவள் படியேறாத வீடு குறைவு. கை போனால் என்ன, கால் போனால் என்ன, ஆளே போனால் என்ன என்று முகம் மாறாமல் பேசுவாள். சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே அடுத்தவர் வீட்டு முறுக்கைச் சாப்பிடக்கூடியவள். அப்படிப்பட்டவளும் இந்த ஒரு விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

(அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு வரிகளை வெட்டினாள். அந்த இரண்டும்தான் நல்ல வரிகள்.)

டிசம்பரில் ஒரு மத்தியானம். நல்ல மழை. காயமெல்லாம் ஆறிவிட்டது. லோகா பக்கத்தில் வந்து படுத்தாள், என் நெஞ்சில் கை வைத்தாள். முப்பத்துநாலு வருடமாக எனக்குத் தெரிந்த கை. அந்தக் கைக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று என் உடம்புக்கு எப்போதும் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. கீழே எனக்கு ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

"கேட்ல யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று எழுந்து போனேன். கேட்டில் ஒருவரும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நின்றேன்.

பயந்துவிட்டேன். அதுதான் உண்மை. புற்றுநோய் என்று சொன்னபோது இல்லாத பயம். இனி இவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? பாவம் பார்ப்பாளா? அந்தப் பாவத்தை நான் எப்படித் தாங்குவேன்?

மறுநாள் காலையில் குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய் தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டேன்.

மாலை போட்டால் என்ன? சைவம். தரையில் பாய். மனைவி பக்கம் போகக்கூடாது. நாற்பத்தெட்டு நாள் யாரும் எதுவும் கேட்க முடியாது. கேட்டால் அவர்களுக்குத்தான் பாவம். இதைவிட நல்ல ஒளிவிடம் உண்டா? ஹாலில் பாயை விரித்துப் படுத்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

தைப்பூசம் முடிந்தது. மாலையைக் கழற்றினேன். லோகா அன்றைக்கு மீன் தலைக் கறி வைத்தாள். பாயைச் சுருட்டி வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பங்குனி உத்திரம் ஞாபகம் வந்துவிட்டது.

பங்குனிக்கு அப்புறம் சித்ரா பௌர்ணமி. அப்புறம் வைகாசி விசாகம். மலேசியத் தமிழனின் நாட்காட்டியில் ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கு இடமா இல்லை? ஆடியில் தீமிதி வரும், புரட்டாசியில் சனிக்கிழமைகள் வரும், கந்த சஷ்டி வரும், கார்த்திகையில் ஐயப்பனே வந்துவிடுவார். அது முடிந்தால் மறுபடி தைப்பூசம். திட்டம் கச்சிதமாக இருந்தது.

அக்கம்பக்கத்தில் மரியாதை கூடியது. பாசாரில் மீன்காரர் என்னைப் பார்த்தால் இறாலை மூடி வைப்பார். சிலர் கைகூப்பினார்கள். தாடி வேறு எனக்கு நன்றாகப் பொருந்தியது.

வீட்டில்தான் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. லோகா என்னைச் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாலை போட்டவரை அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். ஆனால் அவள் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தது. "சாமி, சாப்பாடு மேசையில இருக்கு." "சாமி, பில் கட்டியாச்சா?" பிறகு எங்கள் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முப்பத்துநாலு வருடத்தில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. பாயில் படுத்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் கல்யாணம் என் கண் முன்னால் மெதுவாக மூடிக்கொண்டிருந்தது, மூடுகிறவன் நானேதான்.

ஆடி வந்தது. தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தைப்பூச மாலைக்கு வீட்டில் யாரும் வர வேண்டியதில்லை. தீமிதிக்கு அப்படி இல்லை. கல்யாணமானவர் என்றால் மனைவி கூடவே வந்து, தாம்பாளத்திலிருந்து மஞ்சள் கயிற்றைத் தன் கையால் எடுத்து ஐயரிடம் கொடுக்க வேண்டும். வீட்டு உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். எல்லாப் பெண்களும் கொடுப்பார்கள். யாரும் கொடுக்காமல் இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஐயர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். வேலை பெர்மிட்டில் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. எங்களுக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில். பையன் கை நீட்டினான்.

"உத்தரவு குடுங்கோம்மா."

லோகா தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா... கயிறு."

"இல்ல சாமி. நான் குடுக்கலை."

பையன் என்னைப் பார்த்தான், நான் அம்மனைப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்தியதுபோல் எனக்குத் தோன்றியது.

"ஏம்மா? உடம்புக்கு முடியலையா அவருக்கு?"

"உடம்பைப் பத்தி அவர்தான் சொல்லணும். ஏழு மாசமா இவர் சாமிகிட்ட மட்டும்தான் பேசுறாரு. முதல்ல என்கிட்ட பேசட்டும். அப்புறம் நானே வந்து கயிறு எடுத்துக் குடுக்குறேன்."

அமைதியாகத்தான் சொன்னாள். தாம்பாளத்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். பின்னால் நின்ற ஆன்டி ஒருவர், "போங்க அண்ணே, போய்ப் பேசுங்க. லைன் நிக்குது" என்றார்.

கோயில் கார் நிறுத்துமிடம். வெயில். ஏர்கான் சத்தம். லோகா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி பேசினாள்.

"நீங்க மாலை போட்டதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வயசாயிடுச்சு, குண்டாயிட்டேன், என்னைப் பிடிக்கலை. அதைச் சொல்ல மனசில்லாம சாமியைக் கூட்டிட்டு வந்து நடுவுல படுக்க வச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்து ஏழு மாதம் ஓடியிருக்கிறேன். அவளுக்கும் அதே ஏழு மாதம் நடந்திருக்கிறதே?

சொன்னேன். கேட்டில் யாரும் கூப்பிடவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுமே வேலை செய்யவில்லை என்றேன். நான் இனி ஆம்பளையே இல்லை என்றேன். கொஞ்சம் அழுதிருப்பேன்.

அவள் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். பிறகு, ஏதோ பாலிசியை விளக்குவதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"எனக்குக் கருப்பை எடுத்தாங்கள்ல, ஆறு வருஷம் முந்தி? அதுக்கப்புறம் ஒரு வருஷம் எனக்கு ஒண்ணுமே தோணலை. கட்டை மாதிரி இருந்துச்சு. நீங்க கண்டுபிடிச்சீங்களா?"

"இல்லையே. நீ நல்லாத்தானே..."

"நடிச்சேன்."

டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்ப... லங்காவி?"

"அதுவும்தான்."

வாசகர்களே, அந்த வருடம் நாங்கள் லங்காவித் தீவுக்குப் போன விடுமுறை என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்று. மனம் சோர்ந்தபோதெல்லாம் லங்காவியை நினைத்து நான் தேறியிருக்கிறேன். அது ஒரே நொடியில் போய்விட்டது. கார் கிளம்பி மேரு ரோடு சிக்னல் வரும் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. சிக்னலில்தான் உறைத்தது. நான் ஏழு மாதம் விரதம் என்று நடித்தேன். அவள் ஒரு வருடம் சுகம் என்று நடித்தாள். ஒரே வீட்டில் இரண்டு நடிகர்கள், ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். பின்னால் லோரிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததையே கவனித்தோம்.

சரி, அடுத்து என்ன? கேட்க வேண்டியவரிடம் போய்க் கேட்பது. ஆனால் மகள் இல்லாமல்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிக் கிளினிக்கில் இதற்கென்றே நாள் ஒதுக்கிப் பார்க்கிறார்கள் என்று லோகா விசாரித்து வைத்தாள். மகளிடம் அம்மாவின் பழைய ஃபிரண்டைப் பார்க்கப் போகிறோம் என்றோம். "ட்ரெயின்லயா? நான் லீவு எடுக்குறேன்லா" என்றாள் தங்கம். வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு, கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறினோம். எங்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். வீட்டுக்குத் தெரியாமல் பொய் சொல்லிவிட்டு இருவரும் சேர்ந்து வெளியே போனது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. அறுபத்திரண்டு வயதில்! ஷா ஆலாம் தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் இதயத்தைச் சோதித்தார், ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பார்த்தார், சரியான மாத்திரை எழுதினார். ஆனால் பாடம் நடத்தியது அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸிதான். ஐம்பது வயதிருக்கும், நம் ஆள். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். குரல் மட்டும் தைப்பூச மைக். கதவு வேறு பாதி திறந்திருந்தது.

"அங்கிள், கடைசியா எப்ப ட்ரை பண்ணீங்க?"

"அது... விரதம், மிஸ்ஸி."

"எத்தனை நாள் விரதம்?"

"ஏழு மாசம்."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "சாமி கேட்டுச்சா அங்கிள்?"

லோகா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"பாருங்க அங்கிள். ஆப்பரேஷன்ல நரம்பு அடிபட்டிருக்கும். அது தூங்குது. எழுந்திருக்க ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். சிலருக்கு முழுசா வராது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுவரைக்கும் அந்த இடத்துக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கணும். அதுக்குத்தான் மாத்திரை, அதுக்குத்தான் ரத்தத்தை இழுக்குற இந்தப் பம்ப். அது சரியில்லன்னா ஊசி இருக்கு. நீங்க என்ன பண்ணீங்க? ஏழு மாசம் கடையைப் பூட்டிட்டீங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். நான் அறுபத்திரண்டில்தான் கேட்டேன், நீங்கள் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"இன்னொன்னு. எழும்புறது வேற, சுகம் வேற. ரெண்டும் ஒரே நரம்பு இல்ல, அங்கிள். அது எழும்பாமலே உங்களுக்கு உச்சம் வரலாம். தண்ணி வராது, அவ்வளவுதான். வெடி வெடிக்கும், புகை வராது."

நான் நம்பவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டது. நாம் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு கம்பத்தை நட்டு, கூரை மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

லோகா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "மிஸ்ஸி, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? பம்ப்பை எதுல கழுவணும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

மிஸ்ஸி அந்தப் பம்ப்பைத் தன் உள்ளங்கையில் வைத்து இழுத்துக் காட்டினார். "படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடுங்க. சில நேரம் கொஞ்சம் கசியும். துண்டு ஒண்ணு போட்டுக்குங்க. வெக்கப்படாதீங்க. வெக்கப்படுற வயசெல்லாம் தாண்டியாச்சு."

வெளியே வந்தபோது காத்திருந்த நாலு ஆண்களும் ஒரே நேரத்தில் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்தார்கள். எல்லாம் கேட்டிருக்கிறது. அதில் ஒருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. செவ்வாய், வெள்ளி வேண்டாம் என்றாள் லோகா, பழக்கம் விடவில்லை. புதன் மத்தியானம் முதல் முயற்சி. படுக்கை மேல் விளக்கத்தாளை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் படிக்க, நான் அமுக்க... சரியாக அந்த நேரத்தில் மகளின் வீடியோ கால். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பூச்சோங்கிலிருந்து கிளம்பியே வந்துவிடுவாள் என்று பயந்து, லோகா ஃபோனைக் காதில் மட்டும் வைத்து, "அப்பாவுக்கு எக்சர்சைஸ் நடக்குது" என்றாள். பொய் இல்லையே? சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. பம்ப் ஒரு பக்கம் உருண்டு போனது. அன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு. பம்ப்பை எடுக்கப் போனேன். "அது கிடக்கட்டும்" என்றாள் அவள். அவசரமே இல்லை. எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியுமா? முப்பத்துநாலு வருடம் நெடுஞ்சாலையிலேயே ஓட்டியவன் நான். சாலையை மூடிய பிறகுதான் உள்ளே எத்தனை கம்பத்துக் கிராமப் பாதைகள் இருக்கின்றன என்று தெரிந்தது.

மிஸ்ஸி சொன்னது உண்மை. எழும்பவில்லை. ஆனால் வந்தது, காலிலிருந்து தலை வரைக்கும் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். நான் முழுசாகத்தான் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் முதுகைத் தடவியபடி.

சொன்னேன். விவரமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, எனக்கே ஏன் என்று தெரியவில்லை, திருப்பிக் கேட்டேன்.

"உனக்கு? உனக்கு எப்படி இருந்தா பிடிக்கும்?"

லோகா எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"முப்பத்துநாலு வருஷத்துல இப்பதான் கேக்குறீங்க" என்றாள். "போய் ஒரு பேனா எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். ஏழு பக்கம் ஆனது. அது மட்டும் பத்திரிகைக்குக் கிடையாது.